பாறை தட்டுற ஐயா

பெரியப்பா எந்த ஊரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மதுரை அவருக்கு 58 கே/1. மேலூர் 58 ஜே/8. எல்லாம் சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் டோப்போஷீட் வரைபடங்களின் எண்கள். பெரியகுளத்திலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தபோது, "58 எஃப்/12ஆ? நல்ல பாறை இருக்கிற ஊர், செய்யலாம்" என்றார். அந்த வரன் அமையவில்லை. காரணம் பாறை இல்லை.

மத்திய அரசின் புவியியல் ஆய்வுத் துறையில் (ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா) 34 வருடம் வேலை பார்த்தவர், போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு பெரியம்மா ஒரு சுத்தியலையும், மடக்கு லென்ஸ் ஒன்றையும், நான்கு டைரிகளையும் என்னிடம் கொடுத்தார். "அவரைவிட அவர் கல்லுங்கதான் இந்த வீட்ல அதிக நாள் இருந்துச்சு. அதையும் யாராவது எடுத்துட்டுப் போனா நல்லது" என்றார். ஒரு கல்லை மட்டும் தரவில்லை. எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் கருத்த சார்னோகைட் பாறைத் துண்டு அது. முப்பது வருடமாக ஊறுகாய் ஜாடி மூடியின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

அலுவலகக் குறிப்பேடுகளைத் துறையிடமே ஒப்படைத்துவிட வேண்டுமாம். என் கைக்கு வந்தவை சொந்த டைரிகள். பாறையைப் பற்றிப் பாதி, சாப்பாட்டைப் பற்றிப் பாதி. அவற்றில் வரும் இடங்களில் இரண்டையாவது போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். துணைக்கு வந்தவர் பெரியப்பாவோடு பல கேம்ப்களில் ஒரே கூடாரத்தில் இருந்த நண்பர். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் 'சார்'தான். வயது 78. கே.கே. நகரில் இருக்கிறார். காலை ஐந்தரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். ஐந்தேகாலுக்கே கேட்டுக்கு வெளியே தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார்.

ஒத்தக்கடையில் பருத்திப்பால் குடித்தோம். எதிரே யானைமலை. "எல்லாரும் யானை படுத்திருக்குன்னு பாப்பாங்க. நாங்க அது எப்படி உரியுதுன்னு பாப்போம்" என்றார் சார். ஆழத்தில் பெரும் பாரத்துக்கு அடியில் உருவான பாறை இது. மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போனதும் பாரம் குறைகிறது. பாறை லேசாக விரிந்து, வெங்காயம் மாதிரி படலம் படலமாகப் பிளக்கிறது. மொட்டைப் பாறையில் விழும் மழை அந்தப் பிளவுகளில் இறங்கி, கீழே எங்கேயோ சுனையாகக் கசிகிறது. நாற்பது வருடமாக இந்த மலையைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறேன். அது உரிவது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

வண்டியில் போகும்போது வேலையைப் பற்றிக் கேட்டேன். மழைக்காலம் ஓய்ந்ததும் ஜீப், கூடாரம், சமையல்காரர், எடுபிடிக்கு இரண்டு கலாசிகள் என்று கிளம்பிவிடுவார்களாம். அப்புறம் மாதக்கணக்கில் நடை. ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் சாதாரணம். போகும்போது வெறும் பை, வரும்போது கல் நிறைந்த பை. பாறைப் படலம் எந்தத் திசையில் ஓடுகிறது, எத்தனை டிகிரி சாய்கிறது என்று காம்பஸில் அளந்து டோப்போஷீட்டில் குறிக்க வேண்டும். பெரியப்பாவின் மூத்த மகள் பிறந்த தந்தி, கேம்ப் இடம் மாறிவிட்டதால் தபாலாபீசிலேயே ஐந்து நாள் கிடந்ததாம். சார் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பெரியம்மா இதே கதையைச் சொல்லும்போது சிரித்ததில்லை.

துறைப் பெயரிலும் ஒரு வம்பு. பள்ளிக்கூடத்தில் 'புவியியல்' என்றால் தேசப்படம், மழை, பயிர். அதனால் புவியியல் துறையில் வேலை என்று சொன்னாலே, எந்த ஸ்கூலில் சார் என்று கேட்பார்களாம்.

இந்தத் துறை 1851இல் தொடங்கியது. 1858இல் அதில் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட், 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்ததற்காகத் தொல்லியல்காரர்களிடம் பெயர் வாங்கியவர். ஆனால் பெரியப்பாவுக்கு அவர் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பாறைகளைப் பற்றி எழுதி 1883இல் வந்த அறிக்கையின் ஆசிரியர். டைரியில் இரண்டு இடத்தில், "ஃபுட் ஏற்கெனவே பார்த்துவிட்டார்" என்று அலுத்துக்கொள்கிறார். நூறு வருடத்துக்கு முன்னால் குதிரையிலும் மாட்டு வண்டியிலும் வந்த மனுஷனோடு என்ன போட்டியோ!

நரசிங்கம்பட்டி தாண்டி அரிட்டாபட்டிக்குத் திரும்பினோம். ஏழு மலை, குடைவரைச் சிவன் கோயில், சமணர் படுக்கை, தமிழி கல்வெட்டு என்று ஒரு சின்ன ஊருக்கு இவ்வளவு சொத்து. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். நான் செய்த தப்பு, பெரியப்பா ஞாபகமாகச் சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கியது. டீக்கடையில் இருந்த நாலைந்து பேர் எழுந்து வந்துவிட்டார்கள். "யாரு நீங்க? எதுக்குக் கல்லை ஒடைக்க வந்தீங்க?"

அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2024 நவம்பரில் இந்த ஊரையும் சேர்த்து சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் முடிந்ததும், மேலூர் வட்டாரமே தெருவுக்கு வந்தது. 2025 ஜனவரி 7ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு நடந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. அதற்கப்புறம் இங்கே லென்ஸும் சுத்தியலுமாக வருகிறவன் விருந்தாளியா?

சார் என் கையிலிருந்து சுத்தியலை வாங்கி வண்டியில் போட்டுப் பூட்டினார். "கல்வெட்டு இருக்கிற மலைக்கு நாங்க இதை எடுத்துட்டே போக மாட்டோம், தம்பி" என்று என்னிடம் சொன்னது அவர்களுக்கும் கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு டீ வந்தது. ஒருவர் கூடவே வந்து சுனையைக் காட்டினார். தண்ணீர் பதநீர் மாதிரி லேசாக இனித்தது என்று எழுத ஆசைதான். தண்ணீர் தண்ணீர் மாதிரிதான் இருந்தது, சில்லென்று.

மேலே உட்கார்ந்து பேசும்போது டங்ஸ்டன் தேடும் விதத்தைச் சொன்னார் சார். டங்ஸ்டன் உள்ள ஷீலைட் என்ற தாது புற ஊதா ஒளி பட்டால் நீலம் கலந்த வெள்ளையாக மினுங்கும். அதனால் இருட்டில்தான் தேட வேண்டும். இளம் வயதில் வேறொரு மாவட்டத்தில் பெரியப்பாவும் அவரும் விளக்கோடு மலைச்சரிவில் அலைய, கீழே ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று கதவடைத்துவிட்டார்களாம். "கண்டுபிடிச்சு எழுதிக் கொடுக்கிறது எங்க வேலை. தோண்டுறது எங்க வேலை இல்லைன்னு சொல்லிக்குவோம்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மதியம் வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாக கெங்குவார்பட்டி. கொடைக்கானல் மலையின் அடிவாரம். கொடைக்கானல் போகிறவர்கள் யாரும் இந்த ஊரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பாறை படித்தவர்களுக்கு இது ஒரு க்ஷேத்திரம். இங்கே சாஃபிரின் என்ற நீலக் கனிமம் உள்ள பாறை இருக்கிறது. பூமிக்கு அடியில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஆழத்தில், 900 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் வெந்த பாறை. வெந்தது சுமார் 55 கோடி வருடத்துக்கு முன்னால், மடகாஸ்கர் நமக்குப் பக்கத்து வீடாக இருந்த காலத்தில்.

வழியில் பெயர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. ஜோப் சார்னாக் கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரி. பாறையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். கல்கத்தாவில் அவர் கல்லறைக்குப் போட்ட கல், பெரியம்மா தராமல் வைத்துக்கொண்ட கல்லின் வகை என்பதால், ஹாலண்ட் என்ற புவியியலாளர் அதற்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். ஹாலண்டுக்கும் பின்னால் ஹாலண்டைட் என்று ஒரு கனிமம் கிடைத்தது. "எங்க பெரியப்பா பேர்ல என்ன சார் இருக்கு?" என்று நானே கேட்டுப் பார்த்தேன். "ஊறுகாய் ஜாடி மேல ஒண்ணு இருக்கே" என்றார்.

டைரியில் குறித்திருந்த குன்றின் அடிவாரம் இப்போது வேலி போட்ட மாந்தோப்பு. காவல்காரர் வந்தார். காலையில் பட்டது போதாதா, நான் சுத்தியலை வெளியே எடுக்கவே இல்லை. அவர் சாரின் தொப்பியையும் கழுத்தில் தொங்கிய லென்ஸையும் பார்த்துவிட்டு, "நீரோட்டம் பாக்க வந்தீங்களா ஐயா?" என்று கேட்டைத் திறந்துவிட்டார். ஏற்கெனவே வேப்பங்குச்சிக்காரர் காட்டிய இடத்தில் 700 அடி போட்டு வெறும் புழுதி வந்ததாம். சார் பதறவில்லை. "நான் காட்டின இடத்துலயும் புழுதி வந்திருக்கு" என்றார்.

தோப்பு மூலையில் பழைய கிணறு வெட்டிய கல் குவிந்து கிடந்தது. சார் அங்கே போய்க் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார். ஒரு கல்லை எடுத்து எச்சில் தொட்டுத் தேய்த்தார். இன்னொன்று. இன்னொன்று. அரை மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். "லென்ஸைக் கண்ணோட ஒட்டிப் பிடி. கல்லை அதுக்கிட்ட கொண்டு வா." பழுப்பு நடுவே மிளகளவுக்கு மங்கிய நீலம். சாஃபிரின்தானா என்றேன். "மெல்லிசா அறுத்து மைக்ராஸ்கோப்ல வெச்சாத்தான் சொல்லுவேன்" என்று கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

காவல்காரர் அதற்குள் முதலாளிக்குப் போன் போட்டிருந்தார். "பாறை தட்டுற ஐயா வந்திருக்காங்க. ஆமா, ரெண்டு பேரு."