நின்றும் நடந்தும் படித்த கால்: முதலாண்டு உடற்கூறியல் அனுபவம்

எம்.பி.பி.எஸ். முதலாண்டின் முதல் இன்டர்னல் தேர்வு. வைவா (வாய்மொழித் தேர்வு) மேசையில் ஆசிரியர் ஒரு தொடை எலும்பை என் கையில் கொடுத்தார். "எந்தப் பக்கத்து எலும்பு? உடலில் எப்படி இருக்குமோ அப்படிப் பிடித்துக் காட்டுங்கள்." வலது என்று சரியாகவே சொன்னேன். தலை உட்புறமாக மேல்நோக்கி, பின்பக்கம் லீனியா ஆஸ்பெரா என்னும் நீண்ட மேடு, கீழே காண்டைல்கள் என்னும் இரண்டு புடைப்புகள் பின்னால் துருத்திக்கொண்டு. எல்லாம் மனப்பாடம். ஆனால் எலும்பைக் கொடிக்கம்பம் போல நேராகப் பிடித்திருந்தேன். அவர் அதை வாங்கி மேசையில் நிறுத்தினார். இரண்டு காண்டைல்களும் மேசையில் பதிந்தவுடன் எலும்பின் தண்டு தானாகச் சாய்ந்தது. "இடுப்பு அகலம், முழங்கால்கள் நெருக்கம். சாயாமல் எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த மாணவரை அழைத்தார்.

கீழ் உறுப்பு (கால்) பகுதியில் நூற்றுக்கு 38 வாங்கினேன். படிக்காமல் வாங்கிய மதிப்பெண் அன்று. ஒவ்வொரு தசையும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த நரம்பு, என்ன வேலை என்று அட்டவணை போட்டு ஒப்பித்திருந்தேன். கைக்கு அந்த முறை ஓரளவு கைகொடுத்தது. காலுக்குக் கொடுக்கவில்லை. ஏன் என்று புரிய இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் நான் கண்டுகொண்டதை இந்த ஆண்டு சேர்ந்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

கை காற்றில் அசைகிறது. கால் பெரும்பாலும் தரையில் ஊன்றியிருக்கிறது. ஊன்றிய காலில் தசை சுருங்கினால் அசைவது கால் அல்ல, மேலே இருக்கும் உடல். குளூட்டியஸ் மீடியஸ் என்னும் இடுப்புப் பக்கத் தசை தொடையை வெளிப்பக்கம் விலக்கும் என்று புத்தகம் சொல்கிறது. ஒரு நாளில் எத்தனை முறை தொடையை வெளியே விலக்குகிறோம்? ஆனால் ஒவ்வோர் அடியிலும் ஒரு கால் தரையை விட்டு எழும்போது, ஊன்றிய காலின் பக்கமுள்ள அந்தத் தசைதான் இடுப்பு மறுபக்கம் சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது. அதை இயக்கும் சுப்பீரியர் குளூட்டியல் நரம்பு பழுதானால் தூக்கிய காலின் பக்கம் இடுப்பு தாழும். அதுதான் ட்ரெண்டலென்பர்க் அறிகுறி. எந்தப் பக்கம் பழுது, எந்தப் பக்கம் தாழும் என்று வைவாவில் குழம்பாதவர்கள் குறைவு. ஒற்றைக் காலில் நின்று இடுப்பின் பக்கவாட்டில் கையை வைத்துப் பாருங்கள். ஊன்றிய பக்கத்துத் தசை கல்லாக இறுகுவது கைக்குத் தெரியும். பிறகு குழப்பம் வராது.

எனக்கு இது பிடிபட்டது தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில். காலை எட்டு மணிக் கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காது. நின்றுகொண்டே வரும்போது ஒருநாள் கவனித்தேன்: தொடையின் முன்தசை தளர்ந்திருக்கிறது, முட்டிச் சில்லை விரலால் பக்கவாட்டில் நகர்த்தவே முடிகிறது, ஆனாலும் முழங்கால் மடங்கவில்லை. உடலின் எடை முழங்காலுக்குச் சற்று முன்னால் இறங்குவதும், கால் முழுதாக நீளும் கடைசி நொடியில் ஃபீமர் (தொடை எலும்பு) டிபியா என்னும் கீழ்க்கால் எலும்பின் மீது உட்பக்கமாகச் சிறிது திரும்பிப் பூட்டிக்கொள்வதும்தான் காரணம். அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி பாப்லிட்டியஸ் என்னும் சிறிய தசை. அது ஃபீமரை வெளிப்பக்கம் திருப்பிய பிறகே முழங்கால் மடங்கத் தொடங்கும். அட்டவணையில் ஒரு வரியாகக் கிடந்த பாப்லிட்டியஸ் அன்று முதல் எனக்கு மறக்கவில்லை.

தொடையின் முன்தசையான குவாட்ரிசெப்ஸைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. சிறுவயதில் போலியோ வந்து வலது தொடை மெலிந்தவர். நடக்கும்போது வலது காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் வலது கையால் தொடையின் கீழ்ப்பகுதியை அழுத்துவார். சிறுவயதிலிருந்து பார்த்த நடை, காரணம் கேட்டதில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டேன். "கையை எடுத்தால் முட்டி மடங்கிவிடும் பாப்பா. கைதான் எனக்குத் தசை" என்றார். குவாட்ரிசெப்ஸை இயக்குவது ஃபீமோரல் நரம்பு, தண்டுவடத்தின் எல்-2 முதல் எல்-4 வரையான வேர்களிலிருந்து வருவது. அந்தத் தசை செயலிழந்தால் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்ட கை வேண்டும். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் வைரஸால் வந்த போலியோ கடைசியாகப் பதிவானது 2011 ஜனவரியில். உங்கள் தலைமுறையில் இந்த நடையைப் பார்ப்பது அரிது. பார்த்தால் மரியாதையோடு கேளுங்கள், சொல்வார்கள்.

தொடை எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் எல்லாத் தேர்விலும் கேட்கப்படும் கேள்வி. எனக்கு அது என் பாட்டி. திண்டிவனத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தவரைச் சென்னைக்கு அழைத்து வந்தார்கள். ஒரு கால் குட்டையாக, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. மீடியல் சர்கம்ஃப்ளெக்ஸ் ஃபீமோரல் தமனியின் கிளைகள் கழுத்தை ஒட்டியே மேலேறித் தலைக்குப் போகின்றன. கழுத்து முறிந்தால் அவையும் அறுந்து தலை பட்டுப்போகலாம். அதனால்தான் பாட்டிக்கு முறிவைச் சேர்க்காமல், தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை பொருத்தினார்கள். இந்தத் தமனியின் பாதையைப் படம் வரைந்து பழகுங்கள். வரைய முடிந்தால்தான் தெரியும் என்று பொருள்.

பகுதிகளைப் படிக்கும்போது விரலை உங்கள் உடலில் வையுங்கள். இடுப்பெலும்பின் முன்முனைக்கும், இரு இடுப்பெலும்புகளும் முன்னால் சேரும் பியூபிக் சிம்ஃபிசிஸுக்கும் நடுவில் அழுத்தினால் ஃபீமோரல் தமனியின் துடிப்பு. அதற்கு வெளிப்பக்கம் நரம்பு, உட்பக்கம் சிரை, அதற்கும் உள்ளே ஃபீமோரல் கால்வாய். இங்கே ஒரு பொறி உண்டு: சிம்ஃபிசிஸுக்குப் பதில் அதன் அருகிலுள்ள பியூபிக் ட்யூபர்கிள் என்னும் சிறு மேட்டை எடுத்துக்கொண்டால் கிடைப்பது தொடையிடுக்கிலுள்ள இங்வினல் தசைநாரின் நடுப்புள்ளி, வேறு இடம். முழங்காலுக்குப் பின்குழியில் வரிசை தலைகீழ் போலத் தோன்றும். மேலே நரம்பு, நடுவில் சிரை, எலும்பை ஒட்டி ஆழத்தில் தமனி. அங்கே துடிப்பு எளிதில் கிடைக்காததற்கும், ஃபீமரின் கீழ்ப்பகுதி முறிந்தால் தமனி காயப்படுவதற்கும் அந்த ஆழமே காரணம். கீழ்க்காலின் வெளிப்பக்க எலும்பான ஃபிபுலாவின் கழுத்தில், தோலுக்கு அடியிலேயே, காமன் பெரோனியல் நரம்பு சுற்றி வருகிறது. மாவுக்கட்டு அங்கே இறுகினால்கூடப் பாதம் தொங்கிவிடும்.

சிரைகளைப் படிக்கத் தியாகராய நகர் ரங்கநாதன் தெரு போதும். நாள் முழுக்க நின்று துணி விரித்துக் காட்டும் பெண்களின் கெண்டைக்காலில் சிரைகள் புடைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கெண்டைக்காலிலுள்ள சோலியஸ் தசை சுருங்கும்போதுதான் ஆழ்சிரைகளின் இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அசையாமல் நின்றால் அந்த இயந்திரம் நின்றுவிடுகிறது. அழுத்தம் கூடி வால்வுகள் பழுதானால் இரத்தம் மேற்சிரைகளுக்குத் திரும்பி வழிகிறது. 2021-இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. ஆழ்சிரைகளையும் மேற்சிரைகளையும் இணைக்கும் பெர்ஃபொரேட்டர் சிரைகளின் வால்வுகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் அந்தச் சட்டம் எனக்கு நினைவுக்கு வரும். உடற்கூறியல் படித்த யாரும் அதைச் சலுகை என்று சொல்ல மாட்டார்கள்.

எலும்புகளை ஒதுக்கிவைத்துக் கடைசி வாரத்தில் எடுக்காதீர்கள். ஃபிபுலாவின் பக்கம் கண்டுபிடிப்பதில் பலர் தடுமாறுவார்கள். கீழ்முனையில் உட்பக்கம் பார்த்திருக்கும் மூட்டுப் பரப்புக்குப் பின்னால் ஒரு குழி இருக்கும். குழி பின்னால், பரப்பு உள்ளே என்று வைத்தால் பக்கம் தெரிந்துவிடும். ஸ்பாட்டரில் (மாதிரியைப் பார்த்து அடையாளம் எழுதும் தேர்வில்) மணி அடிப்பதற்குள் எழுத வேண்டும் என்பதால், எழுதத் தொடங்கும் முன் முதலில் திசையைப் பாருங்கள்: எது முன், எது உள்.

பாதத்தின் அடிப்பகுதிக்கு நான்கு தசை அடுக்குகள். நேரம் போதாது என்று பலர் அதைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். நான் மூன்று நாள் செலவிட்டேன். எங்கள் டிசெக்‌ஷன் மேசையில் இருந்த உடல் ஒரு வயதானவருடையது. யார் என்று எங்களுக்குத் தெரியாது. குதிகாலின் தோல் தடித்து வெடித்திருந்தது, செருப்பில்லாமல் நெடுங்காலம் நடந்த கால் என்று நினைத்துக்கொண்டேன். தன் உடலை எங்களுக்குக் கொடுத்தவருடைய பாதத்தைப் பார்க்காமல் மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை. நான்காவது அடுக்கில், கீழ்க்காலின் வெளிப்பக்கத் தசையான பெரோனியஸ் லாங்கஸின் தசைநாண் க்யூபாய்டு எலும்பின் பள்ளம் வழியாக உள்ளங்காலைக் குறுக்கே கடந்து பெருவிரலுக்குப் பின்னுள்ள முதல் மெட்டாடார்சல் எலும்பின் அடிவரை போகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து டிபியாலிஸ் போஸ்டீரியர் தசையின் நாண் வருகிறது. இரண்டும் சேர்ந்து பாதத்தின் வளைவைத் தொட்டில் கயிறு போலத் தாங்குகின்றன. வெளிக்கணுக்காலுக்குப் பின்னால் அந்தத் தசைநாணைத் தேடிப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஃபார்மலினில் விறைத்த பாதம் என்றாலும், உள்ளங்கால் வெளிப்பக்கமாகச் சற்றே திரும்பும்.