வார்டில் கேட்கும் அயர்லாந்து ஆங்கிலம்

அயர்லாந்து மருத்துவமனைகளில் வேலைக்குச் சேரும் நம்மூர் நர்ஸுகள் பெரும்பாலும் ஐஇஎல்டிஎஸ், ஓஇடி போன்ற ஆங்கிலத் தேர்வுகளைத் தாண்டித்தான் வருகிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஆனால் வார்டில் காதில் விழுவது வேறு ஆங்கிலம். அதன் சொற்கள் ஆங்கிலம்தான். வாக்கியம் கட்டும் முறை பல இடங்களில் ஐரிஷ் மொழியிலிருந்து வந்தது.

ஷிப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்ட்ஓவரில் (நோயாளிகளின் விவரத்தை அடுத்த நர்ஸிடம் ஒப்படைப்பதில்) மிகவும் கவனம் வேண்டிய சொல் 'ஆஃப்டர்'. "ஐயாம் ஆஃப்டர் கிவிங் ஹிம் த பாராசிட்டமால்" என்று இரவு நர்ஸ் சொன்னால், இப்போதுதான் கொடுத்து முடித்தேன் என்று பொருள். ஐரிஷில் 'தர் ஏஷ்' (பிறகு) சேர்ந்து வரும் வினை அமைப்பை அப்படியே ஆங்கிலத்தில் வைத்ததால் வந்த வழக்கு இது. புத்தக ஆங்கிலத்தில் பழகிய காது இதைக் 'கொடுக்கப் போகிறேன்' என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ஆபத்து அங்கேதான். பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் வழக்கமாக ஒரு வேளைக்கு 1 கிராம், இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராமுக்கு மேல் கூடாது. எடை 50 கிலோவுக்குக் கீழ் இருந்தால் அளவு இன்னும் குறையும். 'ஆஃப்டர்' என்று கேட்டதுமே கார்டெக்ஸை (மருந்து எழுதும் சார்ட்டை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) எடுத்துக் கையெழுத்தையும் நேரத்தையும் பாருங்கள். கையெழுத்து இல்லையென்றால், சொன்னவர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் கேட்டுவிடுங்கள்.

ஐரிஷ் மொழியில் 'யெஸ்', 'நோ' இரண்டுக்கும் தனிச்சொல் கிடையாது. கேட்ட வினையையே திருப்பிச் சொல்வார்கள். 'வருவியா?' என்றால் 'வருவேன்' என்று நாம் சொல்வதும் அப்படித்தானே! அந்தப் பழக்கம் அவர்களுடைய ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "டிட் யூ ஈட்?" "ஐ டிட்." "ஆர் யூ இன் பெயின்?" "ஐ ஆம், எ ஸ்மால் பிட்." நீங்களும் வெறும் 'யெஸ்'ஸோடு நிறுத்தாமல் "ஐ வில்", "ஐ டிட்" என்று பதில் சொல்லிப் பாருங்கள், பேச்சு சட்டென்று இளகும். "ஐ வில், யே" என்று இழுத்துச் சொல்வது மட்டும் வேறு கதை. அதற்கு 'நான் செய்வேன் என்று நினைக்காதே' என்று அர்த்தம். கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டலாகச் சொல்வார்கள்.

இனி 'கிராண்ட்'. வயதானவர்களிடம், அதுவும் நாட்டின் மேற்குப் பக்கத்துக் கிராமத்தவர்களிடம், வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் "ஆ, ஐயாம் கிராண்ட்" என்பார்கள். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் அவர்களுக்குள் ஆழமாக ஊறியிருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளும் 'கிராண்ட்'தான். அதை அப்படியே குறிப்பில் எழுதினால் வலிக்கு மருந்து போகாது. வலிக்குப் பயந்து அவர் ஆழமாக மூச்சு விடமாட்டார், இருமமாட்டார், எழுந்து நடக்கவும் மாட்டார். சளி தேங்கி நெஞ்சில் தொற்று வரலாம். அதனால் கேள்வியை மாற்றுங்கள். 0 முதல் 10 வரை எண் கேளுங்கள். படுத்திருக்கும்போது ஒரு தடவை, இருமச் சொல்லி ஒரு தடவை. "ராத்திரி தூங்கினீர்களா, வலி எழுப்பிவிட்டதா?" என்று கேட்டால் 'கிராண்ட்' என்று தப்பிக்க முடியாது. "நாட் டூ பேட்" என்பது 'கிராண்ட்'டை விட ஒரு படி கீழே. "ஐயாம் நாட் கிரேட்" என்று ஒரு பெரியவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், கையில் உள்ள வேலையை வைத்துவிட்டு உடனே ஆப்ஸ் (நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல் போன்ற அளவுகள்) எடுங்கள்.

நோயைச் சொல்லும் சொற்களும் ஏமாற்றும். "ஐ ஹேட் எ டோஸ் லாஸ்ட் வீக்" என்பதில் மருந்து எதுவும் இல்லை. போன வாரம் சளியோ காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ படுத்தியது என்று பொருள். "ஷி காட் எ வீக்னெஸ்" என்றால் மயக்கம் போட்டு விழுந்தாள். இதை 'பலவீனம்' என்று எழுதிவிட்டால் இசிஜி எடுக்க யாருக்கும் தோன்றாது. "ஹி டுக் எ டர்ன்" என்பது திடீரென்று ஏதோ ஆனது: தலைசுற்றல், வலிப்பு, சிறிய பக்கவாதம், எதுவாகவும் இருக்கலாம். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், பேச்சு குழறியதா, கை கால் இழுத்ததா என்று வீட்டாரிடம் தோண்டிக் கேட்க வேண்டிய இடம் அது. "கான்ட்ரரி" என்றால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். நேற்று வரை சாதுவாக இருந்த பாட்டி இன்று கான்ட்ரரி என்று மகள் சொன்னால் டெலிரியமா (திடீர் மனக்குழப்பமா), சிறுநீர்த் தொற்றா என்று பார்க்க வேண்டும். 'கிவிங் அவுட்' என்பது திட்டுவது, குறைப்படுவது; 'ப்ரெஸ்' அலமாரி; 'யோக்' என்பது பெயர் வாயில் வராத எந்தப் பொருளும்.

உணவோடு சேர்த்து மருந்து சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. கிராமத்துப் பெரியவர்கள் பலருக்கு 'டின்னர்' மதியச் சாப்பாடு, 'டீ' மாலைச் சாப்பாடு. "ஆஃப்டர் டின்னர்" என்று சொல்லி அனுப்பினால் இரவு மாத்திரை மதியம் 1 மணிக்கே உள்ளே போய்விடும். மணியைச் சொல்லுங்கள். 'ஹாஃப் ஃபைவ்' ஐந்தரை மணி. 'டியூஸ்டே வீக்' என்றால் வருகிற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய். அப்பாயின்ட்மென்ட் என்றால் தேதியையே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. 'கொடுங்க' என்றாலே போதும். அதை மனதில் வைத்து "கிவ் மீ த சார்ட்" என்று சொன்னால் 'ங்க' போய்விடுகிறது, அதட்டல் மட்டும் மிஞ்சுகிறது. அங்கே "சாரி, யூ மைட் பாஸ் மீ த சார்ட் வென் யூ ஹேவ் எ செகண்ட்" என்று சுற்றித்தான் கேட்பார்கள். வார்டு மேனேஜர் உங்களிடம் அப்படிக் கேட்டால் 'நேரம் கிடைத்தால்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது இப்போதே செய்ய வேண்டிய வேலை. மறுப்பும் இப்படித்தான் வரும்: "ஐ டோன்ட் நோ வுட் ஹி பி ஃபிட் ஃபார் தட்" என்று சீனியர் நர்ஸ் முணுமுணுத்தால், அது தெளிவான 'வேண்டாம்'. நாம் பக்கவாட்டில் தலையாட்டுவதும் அவர்களுக்குச் சம்மதமாகத் தெரியாது, சந்தேகமாகத் தெரியும். வாயால் சொல்லிவிடுங்கள்.

இந்தச் சுற்றிவளைத்த பேச்சுக்கெல்லாம் ஒரு வேலி போடத்தான் ஐஸ்பார்-3 என்ற முறை இருக்கிறது. யார் பேசுவது, நிலைமை என்ன, பின்னணி என்ன, உங்கள் கணிப்பு என்ன, என்ன செய்ய வேண்டும். கடைசியில் கேட்டதைத் திருப்பிச் சொல்வது, ஆபத்து எங்கே என்று சொல்வது. 2015-இல் வந்த தேசிய வழிகாட்டி பொது மருத்துவமனைகளின் ஹேண்ட்ஓவருக்கு இதைப் பரிந்துரைத்தது. புதிதாக வந்தவருக்கு இதில் பெரிய துணை, திருப்பிச் சொல்லும் அந்தப் படி. புரியாமல் "ஓகே ஓகே" என்று தலையாட்டிவிட்டு நழுவ அது விடாது. 15, 50 போன்ற எண்களை "ஒன் ஃபைவ்", "ஃபைவ் ஜீரோ" என்று உடைத்துச் சொல்லுங்கள். பலர் 'த்ரீ'யை 'ட்ரீ' போலச் சொல்வார்கள், 'ஃபிலிம்' நம் வாயில் வருவது போலவே 'ஃபிலம்' என்று வரும்; ஓரிரு வாரத்தில் காது பழகிவிடும்.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர்கள் சுமார் 18.7 லட்சம் பேர். பள்ளி, கல்லூரிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 72,000-க்கும் சற்றுக் குறைவு. கால்வே, டொனிகால், கெர்ரி பக்கத்துக் கெய்ல்டாக்ட் (ஐரிஷ் பேசும் பகுதி) ஊர்களிலிருந்து வரும் மறதி நோயாளிகள் சிலருக்கு ஆங்கிலம் நழுவிப்போய், சிறுவயது ஐரிஷ் மட்டும் தங்கும். "தா தார்த் ஒரம்" என்றால் தாகமாக இருக்கிறது. 'எனக்குத் தாகம் எடுக்குது' என்பது போலவே அங்கும் தாகம்தான் எழுவாய், ஆள் இல்லை. இஷ்கே தண்ணீர், பீயன் வலி, லெஹ்ரஸ் கழிப்பறை. இந்த மூன்றையும் சீட்டில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். முதல் மொழி ஐரிஷ் என்று கேர் பிளானில் குறித்து, எந்த ஷிப்டில் ஐரிஷ் தெரிந்தவர் இருக்கிறார் என்று கேட்டு, அந்தப் பெயரையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.