மூணாவது தடவைதான் மெஷினுக்குள்ள போக முடிஞ்சுது

அக்காவுக்கு வந்தது மைக்ரேனா (ஒற்றைத் தலைவலி), ஸ்ட்ரோக்கா (பக்கவாதம்) என்று தெரிந்துகொள்ள மூளை எம்ஆர்ஐ எடுக்க, தண்டையார்பேட்டையிலிருந்து மூன்று தடவை அலைந்தோம். அறிகுறி வந்த 6-வது நாளில் முடிந்திருக்க வேண்டிய ஸ்கேன் 19-வது நாள்தான் நடந்தது. அந்த 13 நாளை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

முதல் நாள் சாயங்காலம் அவருக்கு வலது பக்கப் பார்வையில் கோணல்மாணலாக ஒளிக்கோடு தெரிந்தது. அது மெல்லப் பெரிதானது. பிறகு வலது கை விரலில் மரத்துப்போகத் தொடங்கி முழங்கை, உதடு வரை ஏறியது. கடைசியில் இடது பக்க மண்டையிடி. அவசரப் பிரிவில் சிடி ஸ்கேன் எடுத்து, நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிடி ரத்தக்கசிவை உடனே பிடிக்கும். அடைப்பால் வரும் ஸ்ட்ரோக் முதல் சில மணி நேரம் அதில் தெரியாமலே போகலாம். அதற்கு எம்ஆர்ஐயில் டிஃப்யூஷன் என்ற படமெடுக்கும் முறை வேண்டும். புது அடைப்பு அதில் பளிச்சென்று வெள்ளையாக நிற்கும். ஆனால் அந்த வெள்ளை சுமார் இரண்டு வாரத்தில் மங்கத் தொடங்கிவிடும். மைக்ரேனா ஸ்ட்ரோக்கா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நாள் கடத்துவது அதனால்தான் நஷ்டம்.

முதல் தடவை போனபோது கவுன்டரில் சீட்டைப் பார்த்துவிட்டு, "கான்ட்ராஸ்ட் டிக் பண்ணியிருக்கு, கிரியேட்டினின் ரிப்போர்ட் எங்க?" என்றார்கள். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. அவர்கள் கேட்டதில் தப்பில்லை. கான்ட்ராஸ்ட் என்று போடுகிற கடோலினியம் ஊசி சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் அளவு) 30-க்குக் கீழே இருந்தால் ஆபத்து. ஆனால் டாக்டர் அந்த ஊசியைக் கேட்கவே இல்லை. சீட்டு நிரப்பியவர் பழக்கத்தில் டிக் போட்டிருக்கிறார். டாக்டருக்கு வேண்டிய தலை, கழுத்து ஆஞ்சியோவை (ரத்தக்குழாய்ப் படம்) டிஓஎஃப் என்ற முறையில் ஊசி இல்லாமலே எடுக்கலாம், ஓடுகிற ரத்தமே அதில் வெளிச்சமாகத் தெரியும். ஓபி வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் என்பதால் ஒரு டிக்கை நீக்க நாலு நாள் போனது.

டாக்டர் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே சீட்டைப் படித்துப் பாருங்கள். "மூளை எம்ஆர்ஐ" என்று மட்டும் இருந்தால் போதாது. டிஃப்யூஷன், ஃப்ளேர் (பழைய தழும்பைக் காட்டுவது), எஸ்டபிள்யூஐ (சிறு ரத்தக்கசிவைக் காட்டுவது), தலை–கழுத்து ஆஞ்சியோ, கான்ட்ராஸ்ட் வேண்டுமா வேண்டாமா, எந்தப் பக்கம் அறிகுறி, என்றைக்கு எத்தனை மணிக்கு என்று எல்லாம் எழுதச் சொல்லுங்கள். ரிப்போர்ட் எழுதுகிறவர் அந்த ஒரு வரியை வைத்துத்தான் எங்கே உற்றுப் பார்ப்பது என்று முடிவு செய்வார்.

இரண்டாவது தடவைதான் கொடுமை. போனில் "வெறும் வயித்தோட வாங்க" என்றார்கள். ஊசியும் மயக்கமருந்தும் இல்லாத எம்ஆர்ஐக்குப் பட்டினி தேவையே இல்லை. மைக்ரேன்காரர்களுக்குப் பசியே தலைவலியைக் கிளப்பிவிடும். காலையில் டிஎச் ரோடு முழுக்கக் கன்டெய்னர் லாரி. அந்த ஹாரனையும் வெயிலையும் தாண்டி டோல்கேட் மெட்ரோ ஏறுவதற்குள் அக்காவுக்குக் கண் கூச ஆரம்பித்துவிட்டது. அங்கே போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு, படிவத்தில் காப்பர் டி (கருப்பைக்குள் போடும் கருத்தடைச் சாதனம்) என்று எழுதியிருந்ததைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள்.

"காப்பர் டி இருந்தா லேடி டாக்டர் லெட்டர் இல்லாம எடுக்க மாட்டோம்மா."

செம்பைக் காந்தம் இழுக்காது. இப்போது போடுகிற காப்பர் டி-யோடு 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா என்ற இரண்டு காந்த வலிமை மெஷின்களிலும் ஸ்கேன் எடுக்கிறார்கள். உள்ளே ரேடியாலஜிஸ்டை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும், அவர் அன்று வரவில்லை. எனக்குத் தாங்காத விஷயம் வேறு. ஆரா (தலைவலிக்கு முன் வரும் ஒளிக்கோடு, மரத்துப்போதல் போன்றவை) வருகிற மைக்ரேன் உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது, ஸ்ட்ரோக் ஆபத்து கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி வரையறையில் அந்த மாத்திரை 4-ம் வகை, அதாவது தரவே கூடாது. காப்பர் டி 1-ம் வகை, தடையே இல்லை. அக்காவுக்குச் சரியாக அமைந்த ஒன்றைக் காட்டித்தான் அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள், மறைத்தால் ஆபத்து. பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாய் கிளிப், காதுக்குள் பதித்த கருவி என்றால் மாடல் எண்ணோடு கார்டு கண்டிப்பாக வேண்டும். காப்பர் டி என்றால் போட்ட இடத்தில் கொடுத்த அட்டையைக் கொண்டுபோங்கள். அது இல்லாவிட்டால் முன்பதிவு செய்யும்போதே போனில் சொல்லி, என்ன கடிதம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தடவை கடிதம் இருந்தது, இட்லியும் சாப்பிட்டுவிட்டுப் போனோம். மெட்டி கழலவில்லை. வெயிலில் நடந்து கால் வீங்கியிருந்தது. அங்கே இருந்த ஆயாம்மாதான் குழாய்த் தண்ணீரில் காலைப் பத்து நிமிஷம் நனைய வைத்து, கையில் இருந்த தேங்காய் எண்ணெயை விரலில் தடவி, இழுக்காமல் திருகித் திருகி எடுத்தார். மெட்டியை முந்தின நாள் ராத்திரியே கழற்றிவிடுங்கள். தாலியை மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொள்ளுங்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் செயின் கொக்கிக்குள் எஃகு ஸ்பிரிங் இருக்கலாம். ஜாக்கெட் ஊக்கு, ஹேர்பின் எல்லாவற்றையும் எண்ணி வெளியே வையுங்கள். காதுக்கு அடைப்பான் கேட்டு வாங்கி, சத்தம் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஸ்கேன் அரை மணி நேரத்தில் முடிந்தது.

ரிப்போர்ட்டில் "மூளையின் வெள்ளைப் பகுதியில் சில சிறு புள்ளிகள், குறிப்பிட்ட காரணம் சொல்ல இயலாது" என்ற பொருளில் ஒரு வரி. அதைப் பார்த்த சொந்தக்காரர் ஒருவர், "சின்ன ஸ்ட்ரோக் வந்து போயிருக்கு" என்று சொல்லிவிட, அக்கா அன்று ராத்திரி தூங்கவில்லை. அந்தப் புள்ளிகள் மைக்ரேன் உள்ளவர்களிடம் அடிக்கடி தெரிபவை. நெதர்லாந்தில் 'கேமரா' என்ற பெயரில் நடந்த ஆய்வு 295 மைக்ரேன்காரர்களையும் 140 மற்றவர்களையும் ஸ்கேன் செய்து ஒப்பிட்டு 2004-ல் வெளியானது. மூளையின் பின்பக்க ரத்த ஓட்டப் பகுதியில், அறிகுறியே காட்டாத சிறு அடைப்புகள் மைக்ரேன்காரர்களில் 5.4 சதவீதம் பேருக்கு இருந்தன, மற்றவர்களில் 0.7 சதவீதம். முதல் ஸ்கேனுக்கு ஒன்பது வருஷம் கழித்து அவர்களில் பலரைத் திரும்பவும் ஸ்கேன் செய்து 2012-ல் வெளியிட்டார்கள். மைக்ரேன் உள்ள பெண்களுக்கு வெள்ளைப் புள்ளிகள் கூடியிருந்தன. ஆனால் நினைவாற்றலோ சிந்தனையோ அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. புள்ளி வேறு, அடைப்பின் தழும்பு வேறு.

19-வது நாள் என்பதால் டிஃப்யூஷனை மட்டும் நம்ப முடியவில்லை. டாக்டர் ஃப்ளேரில் இடது மூளையைத் துண்டு துண்டாகப் பார்த்தார். வலது பார்வைக்கும் வலது கைக்கும் பொருந்துகிற இடத்தில் தழும்பு இல்லை, குழாய்களும் திறந்திருந்தன. அதைப் பார்க்க அவருக்கு சிடி தட்டு தேவைப்பட்டது. எங்களிடம் பிலிம் மட்டும்தான் இருந்தது, அதற்காக இன்னொரு நடை. பில் கட்டும்போதே டைகாம் கோப்போடு (ஸ்கேன் படங்களின் மூலக் கோப்பு) சிடி தட்டு கேளுங்கள். பிலிமை போனில் படம் பிடித்து அனுப்புவதால் பயனில்லை.

அதற்கும் மேலே அவர் கேட்டது நேரம். ஆரா மூளைப் புறணியில் (மூளையின் மேல் அடுக்கு) நிமிஷத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் நகரும் அலை. உளவியலாளர் லாஷ்லி 1941-ல் தன் பார்வையில் தெரிந்ததை வரைந்தே அதைக் கணக்கிட்டார். 2001-ல் எஃப்எம்ஆர்ஐயில் (மூளை வேலை செய்வதைக் காட்டும் எம்ஆர்ஐ) கிட்டத்தட்ட அதே வேகம் தெரிந்தது. அதனால்தான் ஆரா ஐந்து நிமிஷமோ அதற்கு மேலோ எடுத்துப் படிப்படியாகப் பரவும், ஒவ்வொரு அறிகுறியும் 5 முதல் 60 நிமிஷம் வரை இருக்கும். ஸ்ட்ரோக் பெரும்பாலும் சட்டென்று அடித்துவிடும். சட்டென்று வந்தாலோ, முதல் தடவை வந்தாலோ, ஒரு மணி நேரம் தாண்டினாலோ வீட்டில் கடிகாரம் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு.

போன வாரம் அக்காவுக்குத் திரும்ப வந்தது. காலண்டர் தாளின் பின்பக்கம் அவரே எழுதியிருந்தார்: "4.10 கோடு. 4.22 பெருசாச்சு. 4.31 விரல். 4.40 கண்ணு சரி. 4.50 தலைவலி." டாக்டர் முதலில் அந்தத் தாளைத்தான் வாங்கினார்.