டாங்கிக்கு வாலிநோக்கம் உப்பு

நேற்று மண்டபத்தில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் நாலு பேரும் உட்கார்ந்து டி-55 போர் டாங்கியின் சின்ன மாடலுக்குத் துருப்பிடித்த தோற்றம் ஏற்றினோம். 1:35 அளவு, அதாவது நிஜ டாங்கியில் 35-ல் ஒரு பங்கு. துப்பாக்கிக் குழாயைச் சேர்க்காமல் பார்த்தால் கையில் 18 சென்டிமீட்டர் சொச்சம்தான்.

உப்பு முறை எனக்கு இதுதான் முதல் தடவை. துருப் பழுப்பு அடித்து நன்றாகக் காயவிட வேண்டும். அப்புறம் தண்ணீர் தொட்டு ஆங்காங்கே உப்பைத் தூவி, ஈரம் போனதும் மேலே பச்சை அக்ரிலிக் பெயின்ட்டை ஏர்பிரஷ்ஷால் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கருவி) மெல்லிசாக அடிக்க வேண்டும். அதுவும் காய்ந்த பிறகு ஈரத் தூரிகையால் உப்பைத் தேய்த்து எடுத்தால், பெயின்ட் உரிந்து அடியில் துரு தெரிகிறது. அவ்வளவு அழகு! உப்பு, உப்பளங்கள் இருக்கிற வாலிநோக்கத்துத் தம்பி கொண்டுவந்தது. கல்லுப்பும் பொடியும் கலந்து தூவுங்கள், ஒரே அளவாக இருந்தால் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும்.

உப்புக் காற்றில் எல்லாமே துருப்பிடிக்கிற ஊரில் வளர்ந்த கண், அதனால் கை தாராளமாகிவிடுகிறது. கூட இருந்த அண்ணன்தான் தடுத்தார்: "தம்பி, இது ஓடுற டாங்கிப்பா. கரையில கிடக்கிற நங்கூரம் இல்ல."

சரிதான். ஓடும் டாங்கியில் துரு அதிகம் தங்குவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலியிலும் புகைபோக்கியிலும்தான். அந்தச் சங்கிலியிலும் தரையில் உரசும் பக்கம் பளபளவென்று இருக்கும். அங்கே பென்சில் கரியை விரலால் தேய்த்தேன், நிஜ இரும்பு போலவே மின்னியது.

தூசு படிந்த மாதிரி காட்டும் வேலை பாக்கி. அடுத்த ஞாயிறு மறுபடி மாடி.