அஞ்சு மணி பஸ்

நகரத்துக்குள் ஆற்றங்கரைகளில் இருந்தவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய, சென்னைக்குத் தெற்கே உள்ள பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் சமுதாய அமைப்பாளராகச் சேர்ந்த புதிதில் என் கையில் ஒரு பட்டியல் இருந்தது. பிளாக்குக்கு ஒரு மகளிர் சுய உதவிக் குழு, குழுவுக்கு 10 முதல் 20 பேர், அப்புறம் குழுக்களை எல்லாம் சேர்த்துப் பகுதி அளவிலான கூட்டமைப்பு.

அந்த எட்டு மாடிக் கட்டடங்களில் இரண்டு மாதம் படியேறி இறங்கினேன். ஒரு குழுகூட அமையவில்லை. மூன்றாம் மாடி அக்கா ஒருவர்தான் காரணத்தைச் சொன்னார்: "எதிர் வீட்டுக்காரங்க பேரே தெரியாதும்மா. அவங்க வாங்குற கடனுக்கு நான் எப்படிக் கையெழுத்து போடுறது?"

நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய இந்தக் குழுக்களில் நகையோ பத்திரமோ அடமானம் கேட்பதில்லை. பழக்கம்தான் ஈடு. கூவம் கரையில் அந்த அக்காவுக்கு 14 வருஷக் குழு இருந்தது. அடிபம்பு வரிசை, அவசரத்துக்குக் கைமாத்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது என்று பழகிப் பழகித்தான் சேமிப்புக்கே வந்திருக்கிறார்கள். குலுக்கலில் வீடு விழுந்தபோது 15 பேரும் ஒன்பது பிளாக்குகளுக்குச் சிதறிப்போனார்கள். பழைய தீர்மான நோட்டை மட்டும் அவர் பீரோவில் வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தில், ஒரு பெண்ணின் பள்ளிச் செலவுக்கு குழுவின் சேமிப்பிலிருந்தே 3,000 ரூபாய் உள்கடன் கொடுத்த தீர்மானம், எல்லோருடைய கையெழுத்தோடும். அதைப் பார்த்தது இப்போதும் மனதை அறுக்கிறது. வீடு கொடுத்த கணக்கில் இந்த இழப்பு எங்கேயும் எழுதப்படுவதில்லை.

ஒரு நாள் விடியற்காலை அஞ்சு மணி பஸ்ஸில் நகரத்துக்குப் போனேன். எழும்பூர், சிந்தாதிரிப்பேட்டை பக்கம் வீட்டு வேலைக்குப் போகிற பெண்களால் பஸ் நிரம்பியிருந்தது. முன்பு நடந்தே போன வேலைக்கு இப்போது 20 கிலோமீட்டருக்கு மேல். ஒருத்தி இடம் பிடித்து வைக்கிறாள். இன்னொருத்தி இன்னும் வராதவளுக்கு போன் போட்டுக்கொண்டே, "ஒரு நிமிஷம் அண்ணா" என்று டிரைவரை நிறுத்துகிறாள். எல்லோரும் வேறு வேறு பிளாக். ஆனால் யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது பஸ்ஸுக்கே தெரிந்திருந்தது.

பட்டியலை ஓரமாக வைத்துவிட்டேன். அந்த பஸ்ஸிலிருந்துதான் முதல் குழு வந்தது, ஏழு பிளாக்குகளிலிருந்து 12 பேர். கூட்டம் ஞாயிறு மாலையில். அன்றுதான் அவர்களுக்கு லீவு. வங்கியில், "ஏன் ஒரே பிளாக்கில் ஆள் சேர்க்கவில்லை?" என்று கேட்டார்கள். அதை விளக்க மூன்று முறை நடக்க வேண்டியிருந்தது.

இப்போது கூட்டமைப்பும் வந்துவிட்டது. முதல் தீர்மானத்தை அந்த அக்காதான் தன் கையால் எழுதினார்: 4.45க்கு இன்னொரு பஸ் வேண்டும்.