யாருக்கும் கை இல்லாத படங்கள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு தினமும் பஸ்ஸில் போய்வந்து ஓவியம் படிக்கிறேன். ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று கூட்டத்தைப் பொறுத்து முக்கால் மணியும் ஆகும், ஒரு மணிக்கு மேலும் ஆகும். உட்கார இடம் கிடைத்தால் நோட்டை எடுத்துவிடுவேன். அதனால் என் முதல் நோட்டு முழுக்கக் காதுகள்தான். முன்சீட்டுக்காரரின் காது, பிடரி, கொண்டை, வாடின மல்லிகைச் சரம்.

இந்த முறை பருவ முடிவில் படங்களோடு இரண்டு பக்கம் எழுதியும் தரச் சொன்னார்கள். மூன்று வருடத்தில் உன் கண்ணும் கையும் எப்படி மாறியிருக்கின்றன, அதை நீயே எழுது. படம் வரைவதைவிட அது பெரிய பாடாக இருந்தது. முதலில் எழுதியதில் ‘நுணுக்கம் கூடியுள்ளது, தன்னம்பிக்கை வளர்ந்துள்ளது’ என்றெல்லாம் போட்டிருந்தேன். மறுபடி படித்தால் கல்யாணத்தில் படித்துக்கொடுக்கும் வாழ்த்து மடல் மாதிரி இருந்தது. கிழித்துவிட்டுப் பாயை விரித்து, இதுவரை வரைந்த பதினோரு நோட்டுகளையும் வரிசையாக அடுக்கி, முதலிலிருந்து புரட்டினேன்.

முதல் நான்கு நோட்டில் யாருக்கும் கை இல்லை. பாக்கெட்டில் கை, முதுகுக்குப் பின்னால் கை, கூடைக்கு அடியில் கை, முந்தானைக்குள் கை. ஒரு டீக்கடைப் படத்தில் மாஸ்டரையே பாய்லர் மறைத்திருந்தது. வரையும்போது இதை நான் ‘என் ஸ்டைல்’ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருடத்தில் சார் ஒருவர் நோட்டைப் புரட்டிவிட்டு, “உங்க ஊர்ல எல்லாருக்கும் குளிருதாம்மா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்கு அன்றைக்கு ஆத்திரம்தான் வந்தது.

அவர் கொடுத்த வேலை இது. தினமும் இடது கையை வரைய வேண்டும். பேனாவில், ரப்பர் கூடாது. முதல் இரண்டு நிமிடம் காகிதத்தைப் பார்க்கவே கூடாது. கண் விரலின் ஓரத்தில் எறும்பு மாதிரி ஊர வேண்டும், அது ஊரும் வேகத்திலேயே பேனாவும் நகர வேண்டும். வந்ததெல்லாம் இஞ்சிக் கிழங்கு. ஆனால் ஒரு மாதம் போனபின், இஞ்சிக்கு நடுவே ஒரு கட்டைவிரல் மட்டும் நிஜமாக இருந்தது. நகத்தின் ஓரச் சதை எங்கே மடங்குகிறது என்று அதுவரை நான் பார்த்ததே இல்லை. நகம் என்றால் ஒரு வளைவு என்று மனதில் ஒரு பொம்மை வைத்திருந்தேன், அதைத்தான் வரைந்துகொண்டிருந்தேன்.

அளவுகளும் அப்போதுதான் பிடிபட்டன. உள்ளங்கையின் அடியை மோவாயில் வைத்தால் நடுவிரல் நுனி கிட்டத்தட்ட முடி தொடங்கும் இடத்துக்குப் போகும். நான் வரைந்தவர்களுக்கெல்லாம் குழந்தைக் கை. இன்னொன்று: புறங்கைப் பக்கம் பார்த்தால் விரல் நீளமாகத் தெரியும், உள்ளங்கைப் பக்கம் குட்டையாகத் தெரியும். விரல்களுக்கு நடுவில் இருக்கும் தோல்தான் காரணம். கையைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். இருபது வருடமாகக் கூடவே இருக்கும் கை!

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய பத்திரிகைகளைக் கிளறும்போது கேலிச்சித்திர ஓவியர் கோபுலுவின் படங்கள் நிறைய கிடைத்தன. முன்பெல்லாம் அவர் வரைந்த முகங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். இப்போது கைகளைத்தான் பார்க்கிறேன். அவர் பல ஜோக்குகளுக்கு ஒரு வார்த்தைகூடப் போட்டதில்லை. யார் கேட்கிறார், யார் மழுப்புகிறார் என்று விரலே சொல்லிவிடுகிறது.

ஐந்தாவது நோட்டில் வேறொரு கோளாறு. முதுநகர் துறைமுகத்தில் அத்தை மீன் விற்கிறாள். அங்கே ஏலக் கூட்டத்தை வரைந்து அவளிடம் காட்டியபோது, “பின்னாடி நிக்கிறதெல்லாம் யாருடி, பள்ளிக்கூடத்துப் பசங்களா?” என்றாள். தூரத்தில் இருப்பவர்களைச் சின்னதாக வரைய வேண்டும் என்று தெரிந்திருந்தது. தலையையும் சேர்த்துக் கீழே இறக்கிவிட்டிருந்தேன்.

இதற்கான விடை வகுப்பில் கரும்பலகையில் ஏற்கெனவே வந்துபோனதுதான். கண்மட்டக் கோடு, பெர்ஸ்பெக்டிவ், எல்லாம் எழுதிக்கொண்டேன், பரீட்சையிலும் எழுதினேன். மண்டையில் ஏறியது தேவனாம்பட்டினம் கடற்கரையில்தான். நின்றுகொண்டு பார்த்தேன். கடல் முடிகிற கோடு, என் உயரம் உள்ள அத்தனை பேருக்கும் கண்ணை ஒட்டியே ஓடியது. பத்தடியில் நிற்பவருக்கும் கண்ணில், நூறடியில் நிற்பவருக்கும் கண்ணில். மணலில் உட்கார்ந்தேன். கோடு சட்டென்று எல்லாருடைய இடுப்புக்கும் கீழே வந்துவிட்டது. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். சுண்டல் விற்கும் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நாம் நிற்கும்போது தூரத்து ஆள் சுருங்குவது தலையிலிருந்து இல்லை, காலிலிருந்து. தலை அந்தக் கோட்டிலேயே இருக்கும், பாதம் மேலே ஏறிவரும். (கரை சரிவாக இருப்பதால் தண்ணீரோரம் நிற்பவர்கள் கொஞ்சம் இறங்கித்தான் தெரிவார்கள். அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.) அடுத்த வாரமே ஏலத்தை மறுபடி வரைந்தேன். பள்ளிக்கூடத்துப் பசங்கள் எல்லாரும் பெரியவர்களாகிவிட்டார்கள்.

நிழல், ஒளி பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். வஞ்சிரம் பளபளப்பதைக் காட்ட முழு மீனையும் வெள்ளையாக விட்டுவைப்பேன், அது பிளாஸ்டிக் பை மாதிரி இருக்கும். கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிகிறது, மீனில் பெரும்பகுதி நடுத்தரச் சாம்பல்தான். முதுகில் ஒரு கருமை, அதை ஒட்டி ஊசி மாதிரி ஒரு வெள்ளை. அந்தக் கருமையைப் போட எனக்குப் பயமாக இருந்ததால்தான் பளபளப்பு வரவில்லை. 2பி பென்சிலை வைத்துவிட்டு, அதைவிடக் கருப்பாக விழும் 6பி எடுக்கவே ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

கடைசி வேலை ஒரு காட்சிக்குப் படம். காசு குறைவாக வைத்திருக்கும் ஒருத்தி மீன் வாங்க வருகிறாள், அவ்வளவுதான் கொடுத்தார்கள். தீப்பெட்டி அளவில் இருபது சின்னப் படம் போட்டுக்கொண்டு போனேன். படகு, ஐஸ் பெட்டி, காக்கை, வலை, எல்லாம் இருந்தது. சார் கட்டைவிரலால் படகை மூடினார். “கதை போச்சா?” போகவில்லை. காக்கையை மூடினார். போகவில்லை. இரண்டு பெண்களின் கைகளையும் நடுவில் இருந்த மீனையும் மூடினார். ஒன்றுமே இல்லை. ஆக, பின்னணியை வெளிறலாக விட்டுவிட்டு, நீட்டிய கை, தயங்கும் கை, ஒரு கூறு சங்கரா என்று வரைந்தேன். அத்தைதான் மாடல். கை வந்திருந்தது, நிஜமாகவே வந்திருந்தது. கட்டுரையில், ‘கதைக்கு வேண்டாததை விடக் கற்றுக்கொண்டேன்’ என்று பெருமையாக எழுதி முடித்தேன்.

கொடுப்பதற்கு முந்தைய நாள் அத்தையிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. என் அருவாமனை எங்கடி? அது இல்லாம நான் என்ன சும்மா குந்தியிருக்கேனா?”

“கதைக்குத் தேவையில்ல அத்த, கம்போசிஷன்” என்றேன்.

வீட்டுக்கு வந்து பதினோராவது நோட்டைத் திறந்தால் நான்கு அரிவாள்மனைகள் இருந்தன, நான்கும் அடித்துப்போட்டவை. பார்ப்பவரை நோக்கி வளைந்து வரும் அந்த அலகு எனக்கு வரவே இல்லை. ஒன்று கோழிக் கொண்டை மாதிரி, ஒன்று வாழைப்பழம். சார் கட்டைவிரல் வைத்து மூடியதில் அது இல்லை. அவரிடம் காட்டுவதற்கு முன்பே நான் மூடியிருந்தேன். பாக்கெட்டில் கை மாதிரிதான் இதுவும்.

கட்டுரையின் அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு, நான்கு அரிவாள்மனைகள் இருந்த பக்கத்தைக் கிழித்துப் பின்னால் ஒட்டிக் கொடுத்தேன். மதிப்பெண் இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி துறைமுகம் போய், கவிழ்த்த கூடைமேல் அத்தைக்கு எதிரே உட்கார்ந்தேன். அவள் அலகில் மீனை வைத்தபடி, வெட்டாமல், எனக்காக அசையாமல் இருந்தாள். அலகு பாதிகூட வரவில்லை. “சீக்கிரம்டி,” என்றாள், “சங்கரா காய்ஞ்சு கருவாடாவப் போவுது.”