யாரைக் கேட்பது என்று எழுதி வைத்தவர்

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறேன். படைப்பாற்றல் பற்றி எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கும்போதெல்லாம் லியனார்டோ டா வின்சி திரையில் வந்துவிடுவார். மோனா லிசா, பறக்கும் இயந்திரம், வட்டத்துக்குள் கை விரித்து நிற்கும் மனிதன். வியந்து பார்க்க அவை போதும். ஆனால் என் வேலைக்கு உதவும் லியனார்டோ எனக்குக் கிடைத்தது அவருடைய குறிப்பேடுகளில்தான்.

1490 வாக்கில், மிலானில் இருந்த காலத்தில், செய்ய வேண்டிய காரியங்களைப் பட்டியலாக எழுதியிருக்கிறார். கணக்கு வாத்தியாரைப் பிடித்து, முக்கோணத்தை அதே பரப்புள்ள சதுரமாக மாற்றும் வழியைக் காட்டச் சொல்ல வேண்டும். கோட்டைக் கொத்தளத்தில் பீரங்கியை எப்படி நிறுத்துகிறார்கள் என்று அந்தோனியோ என்ற மேஸ்திரியிடம் கேட்க வேண்டும். ஃபிளாண்டர்ஸ் நாட்டில் பனிக்கட்டி மேல் எப்படிப் போகிறார்கள் என்று போர்ட்டினாரி என்பவரிடம் கேட்க வேண்டும். நீர் வேலை தெரிந்த ஆள் ஒருவரைத் தேடிப் பிடித்து, வாய்க்கால் மதகையும் நீராலையையும் மிலானைச் சுற்றியுள்ள லம்பார்டி பகுதியின் முறையில் பழுது பார்ப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டியலில் பல வரிகள் ‘கேள்’, ‘காட்டச் சொல்’ என்றே போகின்றன. தனக்கு எது தெரியாது என்பதோடு அது யாருக்குத் தெரியும் என்பதையும் சேர்த்து எழுதியதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

இந்தப் பழக்கம் அவருக்குப் பட்டறையிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். 1452இல் வின்சி ஊருக்குப் பக்கத்தில், நோட்டரி ஒருவருக்குத் திருமண உறவுக்கு வெளியே பிறந்தவர். லத்தீன் பள்ளிப் படிப்பு இல்லை. தன்னைப் ‘படிப்பில்லாதவன்’ என்றே குறிப்பில் சொல்லிக்கொள்கிறார். தன் ஆசான் அனுபவம் என்கிறார். ஃபுளோரன்ஸில் அவர் சேர்ந்த, சிற்பியும் ஓவியருமான வெரோக்கியோவின் பட்டறையில் ஓவியம் மட்டும் நடக்கவில்லை. சிற்பம், வெண்கல வார்ப்பு, உலோக வேலை எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்தன. 1471இல் ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் கும்மட்ட உச்சியில் ஏற்றிய பெரிய செப்பு உருண்டை அந்தப் பட்டறையில் உருவானது. சுமார் நாற்பது ஆண்டு கழித்து, ரோமில் குழியாடிகள் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்த உருண்டையை எப்படிப் பற்றவைத்தோம் என்பதை நினைத்துப் பார் என்று தனக்குத் தானே எழுதிக்கொள்கிறார். இளவயதில் பார்த்த ஒரு பற்றவைப்பு முதுமையில் வேறொரு வேலைக்குக் கைகொடுக்கிறது.

எங்கள் பிரிவில் கம்ப்யூட்டரில் வரைந்து முடித்த இம்பெல்லர் ஒன்று; பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம் அது. தண்ணீர் உள்ளே நுழையும் கண் பக்கத்தில் இறக்கைகள் நெருங்கி வந்தன. கணக்குப்படி எல்லாம் சரி. வார்ப்புக்கான மாதிரி வடிவமான பேட்டர்ன் போடும் முன்பே படத்தை எடுத்துக்கொண்டு, இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரிக்குப் போனேன். வெகுகாலமாக கோர் (வார்ப்பின் உள்வெற்றிடத்துக்கான மணல் கரு) போடும், மணல் அச்சு செய்யும் மூத்த மோல்டர் படத்தை வாங்கி, இறக்கைகளுக்கு நடுவே விரல் நுனியை வைத்தார். “டிராயிங்ல கோடு நிக்குதுங்க சார். இந்த எடத்துல மண்ணு நிக்கோணுமில்லீங்க?” என்றார். தண்ணீர் ஓடப்போகும் பாதையை வார்ப்பின்போது மணல் கோர்தான் அடைத்து நிற்கும். பாதை குறுகினால் கோர் மெலியும். உருக்கிய இரும்பு வந்து மோதும்போது உடைந்து போகும். ஒன்றுவிட்டு ஒரு இறக்கையின் முனையைக் குட்டையாக்கி மறுபடி வரைந்தோம். கண் பக்கம் நெருக்கம் குறைந்தது. அவர் விரல் வைக்காமல் அந்த யோசனை எங்களுக்கு வந்திருக்காது.

கேட்பதோடு லியனார்டோ நிற்கவில்லை. பதில் சொல்ல ஆளில்லாத கேள்விகளுக்குச் செய்து பார்த்தே விடை தேடினார். எனக்கு மிகவும் பிடித்தது இதயம் பற்றிய குறிப்புகள், ஏறக்குறைய 1513இல் எழுதியவை. மாட்டின் இதயத்தை அறுத்துப் பார்த்து, பெருந்தமனியின் வாயிலில் உள்ள வால்வுக்கு மேலே குழாய் சற்றுப் புடைத்திருப்பதைக் கவனிக்கிறார். அந்தப் புடைப்பில் இரத்தம் சுழலும், சுழல்தான் வால்வின் இதழ்களை விரித்து மூட வைக்கும் என்று எழுதுகிறார். அந்தப் பகுதியைக் கண்ணாடியில் வார்த்து, தண்ணீரோடு புல் விதை கலந்து ஓடவிட்டுச் சுழலைப் பார்க்கும் வழியையும் குறித்திருக்கிறார். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த சோதனைகள் சுழல் பற்றி அவர் சொன்னதை உறுதிப்படுத்தின. வால்வு பொத்தென்று மூடினால் பைப் அதிர்வதை நாங்கள் தினமும் பம்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டில் கேட்கிறோம். இதயத்தில் அந்த அடி விழாமல் மென்மையாக மூடுவது எப்படி என்பதை ஓர் ஓவியர் கண்டுசொன்னது இன்றும் எனக்குப் பிரமிப்புத்தான். ஆனால் அது அவருக்குத் திடீரென்று உதித்ததில்லை. ஆற்றுச் சுழலையும் தலைமுடிச் சுருளையும் ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் வரைந்த கை அது.

மிலானில் ‘இறுதி இராவுணவு’ என்ற சுவரோவியம் வரைந்தபோது அவர் வேலை செய்த விதத்தைச் சிறுவனாகப் பார்த்த எழுத்தாளர் பந்தெல்லோ பின்னாளில் எழுதினார். சில நாள் விடியலிலிருந்து இருட்டும்வரை சோறு தண்ணீர் மறந்து வரைவாராம். சில நாள் தூரிகையைத் தொடாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாராம். சில நாள் உச்சி வெயிலில் வந்து ஓரிரு தீற்றல் போட்டுவிட்டுப் போய்விடுவாராம். சும்மா நிற்பதும் வேலைதான் என்பதற்கு இதைச் சொல்வார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். ஈரச் சுண்ணத்தில் வரைந்தால் அன்றன்றைய பகுதியை அன்றே முடித்தாக வேண்டும். அந்த அவசரம் அவருக்கு ஒத்துவராது. அதனால் காய்ந்த சுவரில் வரைந்தார். அவர் உயிரோடிருக்கும்போதே வண்ணம் சிதையத் தொடங்கியது. 1999இல் முடிந்த கடைசிச் சீரமைப்புக்கு மட்டும் இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. அத்தனை பேரிடம் கேட்டுக் கற்றவர், காரை பூசும் தொழிலின் பழைய கட்டுப்பாட்டை இந்தச் சுவரில் தன் வசதிக்காக விலக்கிவைத்தார். அதை மேதைமையின் விலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சுவரை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு இழப்பும் உண்டு. 1519இல் பிரான்சில் அவர் இறந்தபோது குறிப்பேடுகள் சீடர் மெல்சியிடம் போயின. மெல்சிக்குப் பிறகு அவை சிதறின. உடற்கூறு வரைபடங்கள் முறையாக அச்சேற 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஆயிற்று. இதயம் பற்றி அவர் கண்டது மருத்துவர்களுக்குக் காலத்தில் போய்ச் சேரவே இல்லை.

இதைப் படித்த பிறகுதான் எங்கள் டிசைன் படிவத்தில் ‘யாரிடம் கேட்டோம், என்ன சொன்னார்’ என்று இரண்டு கட்டங்கள் சேர்க்கச் சொன்னேன். மோல்டர், டர்னர், வைண்டிங் கட்டுபவர், ஊரில் போர்வெல்லுக்குள் பம்ப் இறக்குபவர் என்று பெயர்கள் ஏறி வருகின்றன. கோர் மெலியும் இடம் பற்றிய குறிப்பு அந்த மோல்டரின் பெயரோடு இருக்கிறது. அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெறுகிறார். அதற்குள் அவரிடம் கேட்க வேண்டியவை இன்னும் நிறைய இருக்கின்றன; மணலில் ஈரம் சரியாக இருக்கிறதா என்று கைப்பிடியில் அழுத்தியே எப்படிச் சொல்கிறார் என்பதிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.